பயந்த நாய்க்கு நகம் வெட்ட ஆள் கூப்பிட்டேன், 380 வெள்ளி (ரிங்கிட்) போனது

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன சனிக்கிழமை நடந்தது இது. புகார் கொடுக்கப் போவதால் யார் பெயரையும் போடவில்லை. வளர்ப்புப் பிராணிகளுக்கு வீடு தேடி வந்து வேலை செய்யும் ஆட்களைப் பிடித்துத் தருகிற ஒரு ஆப், அவ்வளவுதான் சொல்ல முடியும். வீட்டிலேயே பத்திரமாக நகம் வெட்டுவது எப்படி என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பினாங்கு ஜெலுத்தோங்கில். பிளாக்கிக்கு ஒன்பது வயது. குட்டியாக இருந்தபோது யாரோ கால்வாய் ஓரம் போட்டுவிட்டுப் போனவள். தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்கு அடியில் போனால் மறுநாள் மதியம்தான் வெளியே தலை தெரியும். முன்பெல்லாம் அப்பா விடியற்காலையில் தார் ரோட்டில் நடத்திக்கொண்டு போவார், நகம் தானாகத் தேய்ந்துவிடும். அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதும் நடை நின்றது, நகம் வளர்ந்தது. டைல்ஸில் டக் டக்கென்று சத்தம், திரும்பினால் வழுக்கல். காலுக்கு மேலே பக்கவாட்டில் ஒரு நகம் இருக்குமே, அது தரையில் படுவதே இல்லை. வளைந்து போய்த் தோலைக் குத்தப் பார்த்தது. நகவெட்டியை நான் கையில் எடுத்தாலே உறுமுவாள்.

அப்போதுதான் அந்த ஆப்பில் ‘பயந்த நாய்களுக்கான பேக்கேஜ்’ கண்ணில் பட்டது. மூன்று தடவை வீட்டுக்கு வருவார்கள், நமக்கும் சொல்லிக் கொடுப்பார்கள், நகவெட்டியும் அவர்களே தருவார்கள். எல்லாம் சேர்த்து 380 வெள்ளி. யோசித்தேன். போனில் பேசிய பெண் நல்ல தமிழில் அரை மணி நேரம் பேசினார். எதற்கெல்லாம் பயப்படுவாள், எந்தக் காலைத் தொட்டால் இழுத்துக்கொள்வாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். “முதல் தடவ வெட்டவே மாட்டோம்கா. சும்மா பக்கத்துல உட்காருவோம், பாதத்தத் தொட்டுத் தொட்டுத் தீனி குடுப்போம். அவளே கால நீட்டுற வரைக்கும் அவசரமே இல்ல.”

அதைக் கேட்டதும் என் மனசு இளகிவிட்டது. டாக்டரிடம் போனால்கூட யார் இப்படிக் கேட்கிறார்கள்? 380 வெள்ளியைக் கொடுத்ததே அந்தப் பொறுமைக்காகத்தான். “இன்னைக்கு ராத்திரி கட்டிட்டா இந்த விலை” என்றார். உடனே முழுப் பணத்தையும் பேங்க் இன் செய்தேன். முதல் முட்டாள்தனம்.

பத்து மணிக்கு வருகிறேன் என்ற ஆள் பன்னிரண்டே காலுக்கு வந்தார். இன்னும் நான்கு வீடு இருக்கிறதாம். பிளாக்கியைப் பார்த்தார், பையிலிருந்து வாய்க்கட்டை எடுத்தார். “முதல் நாள் வெட்ட மாட்டோம்னு சொன்னாங்களே தம்பி?” என்றேன். “அது ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லுவாங்கக்கா. எனக்குப் பத்து வருஷப் பழக்கம், நீங்க பயப்படாதீங்க. அங்கிள், கொஞ்சம் பின்னங்கால அமுக்கிப் பிடிங்க.” முட்டி ஆபரேஷன் ஆன மனுஷரைத் தரையில் குனிய வைத்தார்!

பிளாக்கிக்கு எல்லா நகமும் கறுப்பு. நகத்துக்குள் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகிற உயிர்ச்சதை உண்டு. வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும், கறுப்பு நகத்தில் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. நகம் நீள நீள அந்தச் சதையும் சேர்ந்து நீளும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. பத்து வருஷப் பழக்கக்காரருக்குத் தெரிய வேண்டாமா? ஒரே வெட்டாக வெட்டினார். மூன்றாவது நகத்தில் அவள் அலறிய அலறலில் எதிர்வீட்டு ஆன்ட்டி வெளியே வந்துவிட்டார். ரத்தம். நிறுத்துவார் என்று பார்த்தால், அடுத்த காலுக்குப் போய் இன்னொன்றையும் அதேபோல் வெட்டினார். ரத்தத்தை நிறுத்தும் பவுடர்கூட அவரிடம் இல்லை. “வீட்ல மஞ்சள் தூள் இருக்காக்கா?” என்று என்னிடம் கேட்கிறார்.

இதைவிடக் கொடுமை என்னவென்றால், நான் துணியை வைத்துப் பாதத்தை அழுத்திக்கொண்டிருக்கிறேன், அவர் என் போனை நீட்டி, “இதுல ‘முடிந்தது’ன்னு ஒரு தட்டு தட்டிடுங்கக்கா, அப்பதான் நான் கிளம்ப முடியும்” என்றார். ஆள் போனால் போதும் என்று ரத்தக் கையோடு தட்டினேன். இரண்டாவது முட்டாள்தனம்.

கிளினிக்கில் கட்டுப் போட்டு மருந்து கொடுத்தார்கள், 145 வெள்ளி. அது தனி.

அன்று மாலையே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். “மீட்டிங்ல இருக்கேன்கா.” ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங் என்று தெரியவில்லை, மறுநாளும் அதே பதில். திங்கட்கிழமை, “நாய் ஆடினதாலதான்கா, அவர் என்ன பண்ணுவாரு?” ஆடுகிற நாய்க்கு என்றுதானே அம்மா இந்த பேக்கேஜே! அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக், பதில் இல்லை. ஆப்பில் எழுதினால் இயந்திரம் பேசுகிறது, மூன்று வேலை நாள் பொறுக்கச் சொல்கிறது. நேற்றுதான் பதில் வந்தது. வாடிக்கையாளரே சேவை முடிந்ததாக உறுதிசெய்துவிட்டதால் பணம் திருப்பித் தர இயலாதாம். ‘நாயின் குணம் காரணமாக’ மீதி இரண்டு வருகையும் ரத்தாம். பரிவுடன் 20 வெள்ளி வவுச்சர் தருகிறார்களாம். 380 வெள்ளிக்கு 20 வெள்ளி வவுச்சர்! அதையும் அவர்களிடமேதான் செலவழிக்க வேண்டும்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் போடப் போகிறேன். பதிவுக்கு 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டியதில்லை, 50,000 வெள்ளி வரைக்குமான கோரிக்கையை எடுத்துக்கொள்வார்கள். ரசீது, பேசியது, ரத்தம் படிந்த டைல்ஸ் படம் எல்லாம் வைத்திருக்கிறேன்.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அதற்கு நிதானம் இல்லை. நான் பட்டதையும் கிளினிக் நர்ஸ் காட்டியதையும் மட்டும் சொல்லிவிடுகிறேன். முழுப் பணத்தை முன்னாலேயே கட்டாதீர்கள். ஆள் வீட்டை விட்டுப் போகுமுன் ‘முடிந்தது’ தட்டாதீர்கள். கறுப்பு நகமென்றால் துளித்துளியாகச் சீவுங்கள், வெட்டிய இடத்தின் நடுவில் கருமையாக ஒரு புள்ளி தெரிந்தால் அத்தோடு நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு ஒரு நகம் என்றாலும் பரவாயில்லை. வாரா வாரம் கொஞ்சம் வெட்டினால் உள்ளே இருக்கும் சதையும் பின்வாங்கும். மழுங்கிய நகவெட்டி நகத்தை நசுக்கும், வேண்டாம் (அவர்கள் கொடுத்துவிட்டுப் போனது அப்படிப்பட்டதுதான்). ரத்தம் வந்தால் சோள மாவை (கார்ன்ஃப்ளவர்) வைத்துச் சில நிமிஷம் விடாமல் அழுத்துங்கள், நிற்காவிட்டால் டாக்டர். வலிக்குமே என்று மனுஷர் மாத்திரை கொடுக்காதீர்கள், பனடோல் (பாராசிட்டமால்) நாய்க்கு விஷம். அம்மா அரை மாத்திரையை உடைத்தே விட்டார், நல்லவேளை பார்த்தேன்.

அப்பா கூப்பிடுகிறார், காலில் போட்ட கட்டைக் கடித்துப் பிய்த்துவிட்டாளாம். போகிறேன்.