சிக்னஸ் எக்ஸ்-1, வி404 சிக்னி: எதைத் தொடர்ந்து பார்ப்பது?

இரண்டும் அன்னம் விண்மீன் குழுவில் இருக்கின்றன. இரண்டிலும் கருந்துளை ஒன்று துணை விண்மீனின் பொருளை ஈர்க்கிறது. இணை ஒன்றையொன்று ஒருமுறை சுற்றிவர ஆகும் காலமும் நெருக்கம்தான்: முன்னதற்கு 5.6 நாள், பின்னதற்கு 6.5 நாள். ஆனால் கண்ணுறு ஒளி மாறும் விதத்தில் ஒற்றுமையே இல்லை.

சிக்னஸ் எக்ஸ்-1-இல் நமக்குத் தெரியும் ஒளி பெரும்பாலும் நீல மீப்பெரு விண்மீனுடையது. கருந்துளையின் ஈர்ப்பு அதை முட்டை வடிவில் இழுத்துவிட்டது. பக்கவாட்டைக் காட்டும்போது சற்றுப் பிரகாசம், முனையைக் காட்டும்போது சற்று மங்கல்; ஒரு சுற்றுக்கு இருமுறை ஏற்ற இறக்கம். வேறுபாடு சில சதவீதமே. ஆண்டு முழுவதும் ஒன்பதாம் பொலிவெண்ணிலேயே (பிரகாசத்தின் அளவுகோல்; எண் கூடக்கூட மங்கல்) இருப்பதால் சிறிய தொலைநோக்கி போதும். பொறுமைதான் அதிகம் வேண்டும்.

வி404 சிக்னியின் துணையோ சூரியனைவிட நிறை குறைந்தது. அமைதிக் காலத்தில் பதினெட்டாம் பொலிவெண் வரை மங்கிக் கிடக்கும். 1938, 1989 ஆண்டுகளில் திடீரெனப் பிரகாசித்தது. 2015 ஜூனில் மறுபடி விழித்தபோது நூறு மடங்குக்கும் மேல் பிரகாசித்தது. சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரம் வரையிலான இடைவெளியில் அதன் ஒளி ஏறி இறங்கியதை அமெச்சூர் வானியலாளர்களும் பதிவு செய்தனர். ஈர்க்கப்பட்ட பொருள் கருந்துளையைச் சுற்றி அமைக்கும் வட்டின் உட்பகுதி எக்ஸ் கதிர்களைக் கொட்ட, வெளிப்பகுதி அவற்றால் சூடாகிக் கண்ணுறு ஒளியாக மின்னியது என்பதே வலுவான விளக்கம். கருந்துளையின் துடிப்பைச் சாதாரணத் தொலைநோக்கியில் காண்பது எத்தனை பெரிய பேறு!

தொடங்குபவர்களுக்கு நான் முன்னதையே சொல்வேன். ஆனால் என் மனம் பின்னதிடம்தான் இருக்கிறது.