பட்டா ஆன்லைன் சேவை: பார்ப்பது சுலபம், மாற்றுவதுதான் பாடு

தமிழ்நாடு வருவாய்த்துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு), புலப்பட வரைபடம் (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அளவை வரைபடம்) எல்லாவற்றையும் காசில்லாமல் பார்க்கலாம். கைப்பேசிக்கு வரும் ஓடிபி போதும். இந்த அளவில் குறை சொல்ல அதிகமில்லை.

மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகக் கேட்கும். இங்கே கிராமம் என்றால் வருவாய்க் கிராமம். ஊர்ப் பெயரைத் தேடினால் பல குக்கிராமங்கள் பட்டியலிலேயே இருக்காது. பத்திரத்தின் சொத்து விவரத்தில் வருவாய்க் கிராமத்தின் பெயர் இருக்கும், அதைப் பாருங்கள். பழைய பட்டா எண்ணை நம்பவும் வேண்டாம். கைமாறும்போது அது மாறியிருக்கலாம். புல எண் (சர்வே எண்), உட்பிரிவு எண் (அந்தப் புலத்தில் பிரித்த பகுதியின் எண்) கொடுத்துத் தேடுவதே நிச்சயம்.

திரையில் வரும் பரப்பைப் படிப்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ‘0 - 40.50’ என்றிருந்தால் நாற்பது சென்ட் அல்ல. கோட்டுக்கு முன்னால் ஹெக்டேர், பின்னால் ஏர். ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட், ஆக அது முழு ஒரு ஏக்கர். பக்கத்திலேயே ஏக்கர்-சென்ட் கணக்கையும் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

பட்டா மாறுதலுக்கும் இப்போது வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் அதற்குத் தனிக் கட்டணம். முழு உட்பிரிவையும் விற்று, பட்டாவில் பெயருள்ள எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தால், பத்திரப்பதிவோடு பட்டா தானாகவே மாறிவிடும். உண்மையிலேயே நல்ல ஏற்பாடு.

ஆனால் பாதி நிலத்தை விற்றால் சர்வேயர் நேரில் வந்து அளக்க வேண்டும். அங்கே இணையத்தின் வேகம் நின்றுவிடுகிறது. நிலை அறியும் பக்கம் மனு யாருடைய மேஜையில் இருக்கிறது என்று காட்டுமே தவிர, சர்வேயர் என்றைக்கு வருவார் என்று காட்டாது.

தள்ளுபடியாகும் மனுக்களில் திரும்பத் திரும்ப வருபவை: பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பது, வாரிசுச் சான்று இணைக்காதது, பத்திரத்தில் ஒரு இனிஷியல் பட்டாவில் வேறு இனிஷியல். மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை இடையில் ஒரு பத்திரம் விடுபட்டாலும் சிக்கல்தான். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு மனுவைத் தொடங்குங்கள்.

இன்னொரு வகைப் பிழை ‘யுடிஆர்’ காலத்தது. எண்பதுகளில் நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தியபோது விழுந்த பெயர்ப் பிழையும் பரப்புப் பிழையும் அப்படியே கணினியில் ஏறிவிட்டன. இதற்கு ஒரு பொத்தானை அழுத்தித் தீர்வில்லை. பழைய ஆவணங்களோடு மனு, விசாரணை, ஆணை என்று பழைய வழியேதான்.

நிலம் வாங்குபவர்கள் பட்டாவோடு நிறுத்திவிடாதீர்கள். அடமானமும் முந்தைய விற்பனையும் அதில் தெரியாது. பதிவுத்துறைத் தளத்தில் அதே புல எண்ணுக்கு வில்லங்கம் பாருங்கள். தாளில் கொடுத்த பட்டா என்றால், அடியில் உள்ள குறிப்பு எண்ணைத் தளத்தில் போட்டுச் சரிபாருங்கள். வரைபடத்தையும் இறக்குங்கள்: உட்பிரிவு எண் பட்டாவில் ஏறியிருந்தும் வரைபடத்தில் கோடு விழாமல் இருப்பதுண்டு. அப்படியானால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் நிலத்தை அளந்து கல் நட்டுத் தரச் சொல்லுங்கள்.