வொயிட் ரிம் பாதைக்கு எந்த கேம்பர்: கெட்டிச் சுவரா, எழும்பும் கூரையா, கூடாரப் பெட்டியா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோஆப் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா. அங்கே மேட்டு நிலத்துக்குக் கீழே, பாறைத் திட்டின் விளிம்பை ஒட்டியே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் சுற்றி வருகிறது வொயிட் ரிம் சாலை. 1950களில் யுரேனியம் தேடியவர்களுக்காக வெட்டிய பாதை. தார் இல்லை, குடிநீர் இல்லை, பெட்ரோல் பங்க் இல்லை. வண்டியில் போகிறவர்கள் பொதுவாக இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் பிக்கப்பின் முதுகில் வீட்டையே ஏற்றிக்கொண்டு போகும் ட்ரக் கேம்பர் மேல் பலருக்கும் ஒரு கண். எந்த மாதிரி கேம்பர் என்பதில்தான் சண்டை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாதைக்கு எழும்பும் கூரை கேம்பர்தான் சரி, அதுவும் ஃபோர்டு எஃப்-250 போன்ற கனரக பிக்கப்பின் மேல். கெட்டிச் சுவர் கேம்பரை நான் மேட்டிலேயே நிறுத்திவிடுவேன்.

மூன்று வகைகளையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லான்ஸ், நார்தர்ன் லைட் போன்றவர்கள் செய்வது கெட்டிச் சுவர்: நான்கு பக்கமும் நிலையான சுவர், உள்ளே குளியலறை, அடுப்பு, ஹீட்டர். சின்னது என்றாலே எடை 800 கிலோவைத் தொடும், பெரியது 1,800 கிலோவையும் தாண்டும். ஃபோர் வீல் கேம்பர்ஸ் 1970களிலிருந்து செய்துவருவது எழும்பும் கூரை: ஓடும்போது தாழ்ந்திருக்கும், நிறுத்தியதும் கூரையைத் தூக்கினால் துணிச்சுவர் விரியும். 500 கிலோ சுமாருக்குக் கிடைக்கும். மூன்றாவது, கோ ஃபாஸ்ட் கேம்பர்ஸ் செய்வது போன்ற கூடாரப் பெட்டி. உலோகச் சட்டம், மேலே ஆப்பு வடிவில் திறக்கும் கூடாரம், அவ்வளவுதான். 150 கிலோவுக்குள் முடிந்துவிடும்.

விளம்பரத்தில் போடும் எடையெல்லாம் வெறும் பெட்டியின் எடை. 75 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 75 கிலோ. இரண்டு பேர், பேட்டரி, ஃபிரிட்ஜ், கேஸ் சிலிண்டர், சாப்பாடு எல்லாம் ஏறினால் 500 கிலோ கேம்பர் 850ஐத் தாண்டிவிடும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் நிலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களையும் சரக்கையும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் போட்டிருப்பார்கள். டொயோட்டா டகோமா மாதிரி நடுத்தர பிக்கப்பில் அது பெரும்பாலும் 450 முதல் 600 கிலோவுக்குள். அதாவது, டகோமாவுக்கென்றே விற்கும் எழும்பும் கூரை கேம்பர்கூட நிரப்பிய பிறகு அதற்கு அதிகம். சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை (ஏர்பேக்) போட்டால் பின்பக்கம் நிமிரும், நிஜம்தான். ஆனால் ஸ்டிக்கரில் உள்ள எண் மாறாது, பிரேக்கும் ஆக்சிலும் பழையதேதான். டகோமா வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை கூடாரப் பெட்டிதான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அடுத்தது உயரம். இங்கேதான் கெட்டிச் சுவர் கேம்பர் அடி வாங்குகிறது. இரு சக்கரங்களுக்கு நடுவே 1.7 மீட்டர் அகலம் இருந்து, எடையின் மையம் தரையிலிருந்து 0.8 மீட்டரில் இருந்தால், கணக்குப்படி வண்டி கவிழ 47 டிகிரி சாய வேண்டும். அதே மையம் 1.2 மீட்டருக்கு ஏறினால் 35 டிகிரியே போதும். இது காகிதக் கணக்கு. ஸ்பிரிங் ஒரு பக்கம் அமுங்கி, அதே பக்கத்துச் சக்கரம் குழியிலும் இறங்கினால் இன்னும் முன்னதாகவே விஷயம் கைமீறிவிடும்.

ஷேஃபர் இறக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டிலிருந்து வொயிட் ரிம் பக்கம் கிட்டத்தட்ட 450 மீட்டர் கீழே, கொண்டை ஊசி வளைவுகளாக இறங்குகிறது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. 3.5 மீட்டர் உயர வண்டி 10 டிகிரி சாய்ந்தால் அதன் மேல் மூலை 60 சென்டிமீட்டர் நகர்கிறது. பாறைப் பக்கம் சாய்ந்தால் சக்கரத்துக்கு இடம் இருக்கும்போதே கூரை மூலை பாறையில் உரசும். கூரையை இறக்கிய கேம்பர் 2.6 மீட்டர் என்றால் அதே சாய்வில் 45 சென்டிமீட்டர்தான் நகரும். அந்த 15 சென்டிமீட்டர் வித்தியாசம் இங்கே பெரிய விஷயம்.

இறங்கும்போது எந்த வண்டியானாலும் ஃபோர்-வீல் லோ (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக வலுவோடு சுழலும் நிலை), முதல் கியர் அல்லது இரண்டாவது. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும், விடாமல் அழுத்தினால் சூடேறிக் கருகல் வாடை வரும். இன்னொன்று: ஒற்றைத் தடத்தில் எதிரே ஏறி வருகிறவருக்குத்தான் முன்னுரிமை. இறங்குகிறவர் அகலமான இடம் வரை பின்னால் ஏற வேண்டும். முதுகில் கேம்பர் இருக்கும்போது உள்கண்ணாடியில் எதுவும் தெரியாது. பின்பக்க கேமரா இருந்தாலும், பக்கத்தில் இருப்பவர் இறங்கி நின்று கை காட்டுவதே பாதுகாப்பு. பாடியைத் தாண்டிப் பின்னால் நீளும் கெட்டிச் சுவர் கேம்பரில் இது இரட்டைச் சிரமம். வறண்ட ஓடையில் இறங்கி ஏறும்போது அந்த நீட்சிதான் முதலில் தரையில் இடிக்கும்.

பாதையில் வரும் மர்ஃபி ஹாக்பேக், ஹார்ட்ஸ்கிராபிள் ஏற்றங்களில் தளர்ந்த கல், படிப்படியாகப் பாறை. லேசான வண்டி டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ அளவுக்கு இறக்கிப் பிடிமானம் தேடலாம். கனத்த வண்டி அவ்வளவு இறக்கினால் டயரின் பக்கச் சுவர் பிதுங்கிக் கூரான கல்லில் கிழியும். இந்த ஏற்றங்களில் மட்டும் கூடாரப் பெட்டிக்கே முதல் இடம், எழும்பும் கூரை இரண்டாவதுதான்.

அப்புறம் ஏன் கூடாரப் பெட்டிக்கு முழு ஓட்டுப் போடவில்லை? ராத்திரிக்காக. வசந்த காலத்தில் இங்கே காற்று அடித்தால் துணி விடிய விடியப் படபடக்கும், மார்ச் மாதக் குளிர் எலும்பில் இறங்கும். எழும்பும் கூரையிலும் துணிதான் என்றாலும் கீழ்ப்பாதி கெட்டி. ஹீட்டர் வைக்கலாம், உட்கார்ந்து சமைக்கலாம். கழிவறைப் பெட்டிக்கும் இடம் இருக்கும். இந்தப் பாதையில் மனிதக் கழிவைக் கூடவே எடுத்துவர வேண்டும் என்பது பூங்காவின் விதி. கெட்டிச் சுவர் கேம்பரில் தூங்குவது இவை எல்லாவற்றையும் விட சுகம், அதில் மறுபேச்சு இல்லை.

தூசி மூன்றையும் விடாது. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் சிவப்புப் பொடி கதவிடுக்கு வழியே உள்ளே உறிஞ்சப்படும். கேம்பரின் முன்பக்கக் காற்றுத் துளையைக் கொஞ்சம் திறந்து வைத்தால் உள்ளே அழுத்தம் கூடித் தூசி குறையும். கேம்பரை வண்டியோடு பிணைக்கும் டர்ன்பக்கிள்களை முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி முறுக்குங்கள். குலுங்கலில் அவை நிச்சயம் தளர்ந்திருக்கும்.

ஏற்கெனவே கெட்டிச் சுவர் கேம்பர் வாங்கிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். அதன் நான்கு மூலை ஜாக்கிகளில் கேம்பரை நிறுத்திவிட்டு, பிக்கப்பை மட்டும் உருவிக்கொண்டு போகலாம். சில முகாம்களில் கேம்பரை இறக்கி வைக்க விடமாட்டார்கள் என்பதால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பகலில் வொயிட் ரிம்மில் ஓட்டவும் அனுமதிச் சீட்டு வேண்டும், அதையும் எடுத்துவிட்டால் ஷேஃபரில் காலி வண்டியோடு இறங்கி மாலைக்குள் ஏறி வந்துவிடலாம்.