கிளஸ்டர்எஃப்எஸ்: வீடியோ பறக்கிறது, கல்யாண ஃபோல்டர் படுத்துகிறது

பல சர்வர்களின் டிஸ்க்கை ஒரே சேமிப்பிடமாகக் காட்டும் மென்பொருள் கிளஸ்டர்எஃப்எஸ். மயிலாடுதுறையில் அதைப் போட்டு ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் கேட்டது: "மூணு சர்வர், ரெப்ளிகா 3, அதாவது ஒவ்வொரு ஃபைலும் மூணு சர்வர்லயும் இருக்கு. வீடியோ தடங்கலில்லாம ஓடுது. கல்யாண ஃபோல்டரைத் திறந்தா மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. எஸ்எஸ்டி போட்டுரலாமா அண்ணே?"

வேண்டாம் தம்பி. அது டிஸ்க் கோளாறு இல்லை. கும்பகோணத்தில் ஆல்பம் வேலைக்கு இதே அமைப்பைப் பல முகூர்த்த சீசனாக ஓட்டியதில் என் கோபமெல்லாம் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான்.

எந்தக் கோப்பு எங்கே என்று கணக்கு வைக்கும் தனி சர்வர் கிளஸ்டர்எஃப்எஸ்ஸில் கிடையாது. கோப்பின் பெயரை ஹாஷ் செய்து, அதாவது பெயரிலிருந்தே ஒரு எண்ணைக் கணக்கிட்டு, இடத்தைக் கண்டுபிடிக்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் லுக்அப் (கோப்பு இருக்கிறதா, விவரம் என்ன என்ற விசாரிப்பு) என்று மூன்று பிரிக்கையும் (ஒவ்வொரு சர்வரிலும் கோப்புகள் கிடக்கும் இடம்) கேட்டாக வேண்டும். பெரிய வீடியோவுக்கு ஒரு லுக்அப் போதும். 6,000 படம் உள்ள ஃபோல்டரில், படத்துக்கு 1 மில்லிசெகண்ட் என்றாலும் 6 விநாடி அதிலேயே போய்விடும். அதற்கு மேல் விண்டோஸ் தம்ப்நெயிலுக்காகப் படத்தையே திறந்து படிக்கும். விண்டோஸுக்கு ஃபோல்டரைப் பகிரும் சம்பா வழியாக வந்தால் இன்னும் மோசம்: பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காமல் பெயர் தேட, முழு ஃபோல்டரையும் அலசும்.

சந்தேகம் இருந்தால் வால்யூம் புரொஃபைலை (எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று கணக்கெடுக்கும் கட்டளை) ஸ்டார்ட் செய்து, ஃபோல்டரை ஒருமுறை திறந்து, இன்ஃபோ போட்டுப் பாருங்கள். நேரத்தில் பெரும்பங்கை லுக்அப்பும் ரீட்டிர்பியும் (ஃபோல்டர் பட்டியலை விவரத்தோடு படிப்பது) தின்றால் நான் சொன்னதுதான். ஒரு பிரிக்கில் மட்டும் ரீட் சராசரி மற்ற இரண்டைவிடப் பல மடங்கு என்றால் அந்த டிஸ்க்கைக் கவனியுங்கள். பார்த்து முடித்ததும் புரொஃபைலை ஸ்டாப் செய்துவிடுங்கள்.

மருந்து: வால்யூம் செட் கட்டளையில் குரூப் மெட்டாடேட்டா-கேஷ் என்ற அமைப்புத் தொகுப்பைப் போடுங்கள். கிளையண்ட் (வால்யூமை மவுண்ட் செய்த கம்ப்யூட்டர்) கோப்பு விவரத்தை நினைவில் வைக்கும் நேரம் இயல்பில் 1 விநாடிதான். இது அதை 600 ஆக்கும். வேறு கம்ப்யூட்டர் கோப்பை மாற்றினால் சர்வரே தகவல் சொல்லும்படி கேஷ் இன்வேலிடேஷனையும் சேர்த்தே போடும். முதல் முறை திறக்கும்போது அதே தாமதம் இருக்கும், அடுத்தடுத்த முறை தெரியும் வித்தியாசம். ஃபோல்டர் பட்டியலைப் பல தொகுதிகளிலிருந்து ஒரே நேரத்தில் படிக்கும் பேரலல்-ரீட்டிர் போடச் சொல்வார்கள்; ஒரே ஒரு ரெப்ளிகா தொகுதி வைத்திருப்பவருக்கு அதனால் பயனில்லை. எல்லாவற்றையும்விடக் கை கொடுத்தது ஃபோல்டரைப் பிரித்ததுதான். நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், ரிசப்ஷன் என்று தனித்தனியாக, ஒன்றில் 500 படத்துக்கு மிகாமல்.

சில படங்கள் மட்டும் திணறுகின்றன, எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் அதே படங்கள்தான் என்றால் அது வேறு வியாதி. எந்தப் பிரிக்கிலிருந்து படிப்பது என்பதைக் கோப்பின் அடையாள எண்ணை ஹாஷ் செய்து முடிவெடுக்கும். இயல்பில் எல்லாக் கிளையண்டும் அதே பிரிக்குக்கே போகும். ஆகவே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு படங்கள் அடம்பிடித்தால் ஒரு டிஸ்க் போகப்போகிறதோ என்று சந்தேகப்படுங்கள். டிஸ்க்கின் உடல்நிலை காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் கரண்ட் பெண்டிங் செக்டார் (படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகள்) பூஜ்யமாக இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் கெட்ட செக்டாரை விடாமல் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கும். சேமிப்பு சர்வருக்கென்றே செய்த நாஸ் டிஸ்க் சில விநாடியில் பிழை சொல்லிவிடும், வேலை அடுத்த பிரதிக்குப் போய்விடும்.

வீடியோவே விநாடிக்கு 11 எம்பி தாண்டவில்லை என்றால் கேபிள். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் நெட்வொர்க் கேபிள் முனையின் (ஆர்ஜே45) பின் பச்சை பூக்கும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். ஒரு ஜோடி போனதும் லிங்க் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும், விளக்கு மட்டும் எரியும். ஈத்டூல் என்ற லினக்ஸ் கட்டளை போட்டால் வேகம் தெரியும். புது முனை கிரிம்ப் செய்தால் தீர்ந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போய் ஒரு சர்வர் முன்னதாக அணைந்திருந்தால், ஹீல் இன்ஃபோ (பின்தங்கிய பிரதியில் இன்னும் சரிசெய்ய வேண்டிய கோப்புகளைச் சொல்லும் கட்டளை) எல்லாப் பிரிக்கிலும் பூஜ்யம் காட்டும்வரை வேகத்தை அளக்கவே அளக்காதீர்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஷார்டிங் (கோப்பைத் துண்டு துண்டாக வைப்பது) போடாத ரெப்ளிகா வால்யூமில் படங்கள் பிரிக்கில் சாதாரணக் கோப்பாகவே கிடக்கும். எல்லாம் கவிழ்ந்தாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு லினக்ஸ் கம்ப்யூட்டரில் எக்ஸ்எஃப்எஸ்ஸாக (பிரிக் டிஸ்க்கின் சாதாரண லினக்ஸ் வடிவம்) மவுண்ட் செய்து நகலெடுத்துவிடலாம். (படிக்க மட்டும், பிரிக்கில் நேரடியாக எழுதக் கூடாது.) திருப்பி எடுக்கவே முடியாத தாலி கட்டும் படங்களை வைத்திருப்பவனுக்கு இந்த நிம்மதி பெரிது.

இருந்தும் புதிதாகத் தொடங்குபவருக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். இதை விற்றுவந்த ரெட் ஹாட் நிறுவனம் தன் கிளஸ்டர் ஸ்டோரேஜ் ஆதரவை 2024 டிசம்பரோடு முடித்துக்கொண்டது. பத்துப் பேருக்குள் வேலை செய்யும் ஸ்டுடியோவுக்கு நல்ல ஒரே சர்வரும், வேறு கட்டடத்தில் ஒரு பேக்கப்பும் போதும். ஏற்கெனவே போட்டுவிட்ட உங்களுக்கு அவசரமில்லை: இன்றைக்குப் புரொஃபைல், நாளைக்கு மெட்டாடேட்டா-கேஷ், தை முகூர்த்தத்துக்குள் ஃபோல்டர் பிரிப்பு. எஸ்எஸ்டி காசில் நல்ல யுபிஎஸ் பேட்டரி வாங்குங்கள்.