எட்டு வார ஓவிய ரசனைக் கோர்ஸ்: எகிப்துக்கு முழு மார்க், க்விஸுக்கு முட்டை

நான் மியூசியத்தில் ஓவியம் பார்க்கிற லட்சணம் இதுதான்: முதலில் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டையைப் படிப்பேன், கேள்விப்பட்ட பெயராக இருந்தால் ஓரடி முன்னால் போய் நிற்பேன், இல்லாவிட்டால் "ம்" என்று தலையாட்டிவிட்டு அடுத்ததுக்கு நகர்ந்துவிடுவேன். வெளியே வரும்போது கால்வலி மட்டும் மிச்சம். இதைச் சரிசெய்யலாம் என்றுதான் ஆன்லைனில் ஒரு எட்டு வாரக் கோர்ஸில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், திட்டப்போகிற இடம் கொஞ்சம் இருக்கிறது.

முதல் வாரம் அசத்தல். வீடியோவே கிடையாது, ஒரே ஒரு படம், பத்து நிமிடம் பார், கண்ணில் பட்டதை எல்லாம் எழுது, பெயரும் ஆண்டும் தேடக் கூடாது, அவ்வளவுதான் பாடம். படம் என்னவோ யான் வான் ஐக் 1434-ல் வரைந்த அர்னால்ஃபினி தம்பதி (இது அப்புறம் தெரிந்தது). மூன்று நிமிடத்தில் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று நினைத்தேன். நாய், கழற்றிப் போட்ட மரச்செருப்பு, ஜன்னலோரம் பழம், கூரையில் தொங்கும் விளக்கில் ஒரே ஒரு மெழுகுவத்தி எரிகிறது. ஏழாவது நிமிடத்தில்தான் பின்சுவரில் இருக்கும் குட்டிக் கண்ணாடிக்குள் பார்த்தேன். தம்பதியின் முதுகு தெரிகிறது, அவர்களுக்கு எதிரே, வாசலில், இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள்! அதாவது நான் நிற்கிற இடத்தில். கண்ணாடிக்கு மேலே சுவரிலேயே "யான் வான் ஐக் இங்கே இருந்தார்" என்ற பொருளில் லத்தீனில் கையெழுத்து வேறு. மூன்று நிமிடத்தோடு எழுந்து போயிருந்தால் இதெல்லாம் போயிருக்கும்.

ஆனால் வெறுமனே உற்றுப் பார்த்தால் மட்டும் போதாது என்பதும் அதே படத்தில்தான் புரிந்தது. அந்தப் பெண் கர்ப்பிணி என்று நான் எழுதியிருந்தேன், கூடப் படித்தவர்களில் பாதிப் பேரும் அப்படித்தான். இல்லையாம். அந்தக் காலத்துப் பணக்கார வீட்டு உடையில் அவ்வளவு துணி இருக்கும், முன்னால் தூக்கிப் பிடித்துக்கொள்வது வழக்கம் என்றார் ஆசிரியர். கண் பார்த்தது சரி, அர்த்தம் மட்டும் இந்தக் காலத்தது.

இரண்டாம் வாரம் எகிப்து. கோர்ஸிலேயே சிறந்த வாரம் இதுதான். நெபாமுன் என்பவரின் கல்லறையில் இருந்த தோட்டக் குளம், சுமார் கி.மு. 1350, இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. குளம் மேலே இருந்து பார்த்ததுபோல் ஒரு செவ்வகம், அதற்குள் மீனும் வாத்தும் பக்கவாட்டில், சுற்றிலும் மரங்களும் பக்கவாட்டில். சின்னப் பிள்ளை வரைந்த மாதிரி இருக்கிறது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன், இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. ஆசிரியர் கேட்டது ஒரே கேள்வி: இந்தப் படம் யாருக்காக, எங்கே இருப்பதற்காக வரைந்தது? செத்தவர் மறுமையில் அனுபவிக்க வேண்டிய தோட்டம் அது. ஒரு இடத்தில் நின்று பார்த்தால் மரத்துக்குப் பின்னால் பாதிக் குளம் மறையும், மீன் வெறும் நிழலாகத் தெரியும், அப்படி வரைந்தால் அவருக்குப் பாதிக் குளம்தானே கிடைக்கும்? அதனால் எது எந்தக் கோணத்தில் முழுசாகத் தெரியுமோ அந்தக் கோணத்திலேயே எல்லாவற்றையும் வைத்துவிட்டார்கள். முகம் பக்கவாட்டில், கண் மட்டும் நேராக, தோள் நேராக என்று எகிப்து உருவங்கள் முறுக்கிக்கொண்டு நிற்பதற்கும் இதே கணக்குதான். வரையத் தெரியாமல் செய்ததில்லை, எதையும் விட்டுவிடக் கூடாது என்று செய்தது. ஒரு கண், ஒரு இடம், தூரம் போகப் போகச் சின்னதாகும் என்கிற விதியை இத்தாலியர்கள் கணக்குப் போட்டு வகுத்தது 15-ஆம் நூற்றாண்டில்தான், அதை வைத்து நெபாமுனுக்கு மார்க் போட்டால் எப்படி?

கிரேக்கச் சிலைகள் வந்தன, போயின. அந்த வெள்ளை வெளேர் பளிங்கெல்லாம் ஒரு காலத்தில் வண்ணம் பூசியிருந்தவை என்ற ஒரு தகவல் தவிர ஒட்டவில்லை.

அப்புறம் அந்தச் சீனச் சுருள் ஓவியம். சாங் செதுவான் வரைந்த சிங்மிங் திருவிழா ஆற்றங்கரைக் காட்சி, 12-ஆம் நூற்றாண்டு, உயரம் ஒரு சாண் சொச்சம் (24.8 செ.மீ.), நீளமோ ஐந்தே கால் மீட்டருக்கு மேல். இதை முழுசாக விரித்து வைத்துப் பார்ப்பது பிற்பாடு வந்த மியூசியப் பழக்கம். மேஜையில் வைத்து, வலமிருந்து இடமாக, கைக்கு எட்டும் அளவு மட்டும் விரித்து, பார்த்த பக்கத்தைச் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். கோர்ஸ்காரர்கள் இதை ஒழுங்காகப் புரிந்துகொண்டு வீடியோவை அப்படியே எடுத்திருக்கிறார்கள், திரையில் ஒரு துண்டுதான் தெரியும், மெல்ல நகரும். முதலில் பனிமூட்டத்தில் வயல், கழுதைகள், அப்புறம் படகுகள், ஜனம் கூடிக்கொண்டே போகிறது, திடீரென்று பெரிய வளைவுப் பாலம், அதன்கீழ் ஒரு படகு பாய்மரம் முழுசாக இறங்காமலே நெருங்கிவிட்டது, படகில் இருப்பவன் கத்துகிறான், பாலத்தில் கூட்டம் எட்டிப் பார்க்கிறது. எனக்கு நிஜமாகவே படபடப்பு. ஓவியத்துக்குள் இப்படி ஒரு "அடுத்து என்ன" இருக்கும் என்று நினைத்ததே இல்லை. சீனச் சுருள்களில் பின்னாளில் வைத்திருந்தவர்கள் குத்திய சிவப்பு முத்திரைகளையும் கெடுத்துவிட்டார்களே என்றுதான் இத்தனை நாள் எண்ணியிருந்தேன். அவை படம் கைமாறிய வரலாறு, அதுவும் சேர்ந்துதான் படம்.

சரி, இனி குறைகள்.

எட்டில் ஐந்து வாரம் ஐரோப்பா. ஆப்பிரிக்கா, ஓசியானியா, பழைய அமெரிக்கா, தெற்காசியா எல்லாம் சேர்த்து ஒரே வாரம், அதில் ஆப்பிரிக்காவுக்குப் பதினைந்து நிமிடமோ என்னவோ. பெனின் (இன்றைய நைஜீரியாவில் இருந்த பழைய ராஜ்யம்) வெண்கலத் தகடு ஒன்றைக் காட்டினார்கள், பெயர்தான் வெண்கலம், அவற்றில் பெரும்பாலானவை பித்தளை என்று சொன்னது நல்லது. ஆனால் அவை அரண்மனைத் தூண்களில் வரிசையாகப் பதித்திருந்தவை, 1897-ல் பிரிட்டிஷ் படை கொள்ளையடித்துக் கொண்டுபோனதில் எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதே கலைந்துவிட்டது, இதற்கு ஒரு வரிதான். யாருக்காக, எங்கே இருப்பதற்காக என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த ஆசாமியே அதை மறந்துவிட்டார். சோழர் நடராஜர் வந்தபோது இன்னும் எரிச்சல். கறுப்புப் பின்னணி, மேலிருந்து விளக்கு, பிரபஞ்ச நடனம் பற்றி உருக்கமான பேச்சு. பீடத்தில் துளை இருக்கிறதே, அது எதற்கு என்று ஒரு வார்த்தை? கழி செருகித் தூக்கிக்கொண்டு போகத்தானே! பட்டும் மாலையும் போட்டு உலா வரும்போது அந்த இடுப்பின் வளைவு யார் கண்ணுக்கும் தெரியாது, முகமும் தூக்கிய பாதமும் தெரிந்தால் பெரிது. அந்தச் சிலையைப் பற்றிச் சொல்ல இதைவிட நல்ல செய்தி உண்டா?

அளவு இன்னொரு தலைவலி. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை சுமார் 25-க்கு 37 செ.மீ., மடியில் வைத்துப் பார்க்கிற மர அச்சுப் படம். பிக்காசோவின் கெர்னிகா மூன்றரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டர் நீளம். லேப்டாப்பில் இரண்டும் ஒரே அகலம். பக்கத்தில் ஒரு மனித உருவத்தின் நிழலைப் போட்டுக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நான் பேரலை அளவுக்குப் பேப்பரை வெட்டிக் கையில் பிடித்துப் பார்த்தேன், அப்போதுதான் மூன்று படகுக்குள் குனிந்து கிடக்கும் ஆட்களையே கவனித்தேன்.

க்விஸ் பற்றிப் பேசாமலிருப்பது மேல், இருந்தாலும் பேசுகிறேன். அட்டையைப் பார்க்காதே என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வாராவாரம் கேட்பதெல்லாம் அட்டையில் இருப்பதைத்தான்: ஆண்டு, பெயர், என்ன "இசம்" (அதாவது எந்த ஓவியப் பாணி). பிரெஞ்சு ஓவியர் மோனேயின் சூரிய உதயத்துக்கு 1874 என்று தட்டினேன், தப்பு, 1872 வரைந்த ஆண்டு, 1874 கண்காட்சியில் வைத்த ஆண்டு. கேள்வியில் எது என்று இல்லவே இல்லை.

கடைசி வாரத்தில் ரஷ்ய ஓவியர் மலேவிச்சின் கறுப்புச் சதுரம் வந்தது, வெள்ளையில் ஒரு கறுப்புக் கட்டம், அவ்வளவுதான் படம். இதை என் தூக்கத்திலும் வரைவேன் என்று கிண்டல் செய்த கோஷ்டி நான். 1915-ல் பெத்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) அதை முதலில் வைத்தபோது அறையின் மேல் மூலையில் மாட்டினாராம், ரஷ்ய வீடுகளில் புனிதர் படம் வைக்கிற மூலை. கேட்டதும் கொஞ்சம் சில்லிட்டது. இப்போதும் அந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் எந்த இடத்தில் கை வைத்தார் என்று தெரிகிறது.

சேரலாமா என்றால், சேரலாம், 1, 2, சீன வாரம், கடைசி வாரம் ஆகியவற்றுக்காக. நடுவில் மறுமலர்ச்சிக்கால இத்தாலியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுங்கள், சர்டிபிகேட் ஆசை இல்லாவிட்டால் க்விஸைத் தொடவே வேண்டாம். போனில் பார்க்காதீர்கள், முக்கியமாகச் சுருள் வீடியோவை. நான் அதை இப்போது மூன்றாம் முறையாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன், இன்னும் பாலத்தைத் தாண்டவில்லை.