பிடிவாதக்காரரா, இரட்டை வேடக்காரரா: யாரோடு வாதாடலாம்?

பொருளாதாரக் கொள்கைச் சண்டையில் யாரோடு பேசிப் பயன் என்று கேட்பவர்களுக்கு, 2008-இல் நிதி நெருக்கடியில் சிக்கிய அமெரிக்காவே போதும்.

சேதம்
பிடிவாதம்: சந்தை தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் என்று நம்பி வங்கிகள் மீதான கண்காணிப்பைத் தளர்த்தியது.
இரட்டை வேடம்: லாபத்தின்போது அரசைத் தள்ளி நிற்கச் சொன்னது, அக்டோபரில் வங்கிகளைக் காக்க அரசின் 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டம் வந்ததும் கையை நீட்டியது.

திருந்தும் வாய்ப்பு
பிடிவாதம்: உண்டு. அதே அக்டோபர் 23 அன்று, அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வை 18 ஆண்டுகளுக்கு மேல் நடத்திய ஆலன் கிரீன்ஸ்பான், நாடாளுமன்றக் கீழவைக் குழுவின் முன் உட்கார்ந்து தன் கொள்கையில் குறை இருந்ததை ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 82. எனக்கு அது பெரிய விஷயம்.
இரட்டை வேடம்: அரிது.

சரி, ஆதாரம் கையில் இருந்தால் பிடிவாதக்காரரோடு உட்காருங்கள். மற்றவரிடம் கொள்கை பேச வேண்டாம். பணம் யாருக்குப் போனது என்று கணக்கை மட்டும் கேளுங்கள்.