மாஸ்டடனுக்குக் குடிபெயர்ந்த கதை, இரண்டரை வருடத்துக்குப் பிறகு

இலங்கையில் 2022 ஏப்ரலில் ஊரடங்கு போட்ட கையோடு பேஸ்புக், வட்ஸ்அப், டுவிட்டர் எல்லாவற்றையும் ஒரே அடியாக முடக்கினார்களே, ஞாபகம் இருக்கும். ஒரு நாள்கூட முழுதாக இல்லை, ஆனால் எனக்கு அன்றைக்கே வெறுத்துவிட்டது. ஒக்ரோபரில் எலான் மஸ்க் டுவிட்டரை வாங்கியதும், சரி போதும் என்று மாஸ்டடனில் கணக்குத் திறந்தேன். அதுவும் டுவிட்டர் மாதிரித்தான், ஆனால் ஒரு கம்பனியின் கையில் இல்லை, ஆளாளுக்குத் தனித்தனியாக நடத்தும் பல சேர்வர்களில் (கணக்குகளை வைத்திருக்கும் கணினிகளில்) ஓடுகிறது.

வாசலிலேயே சிக்கல். 'எந்த சேர்வர்?' என்று கேட்டது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவரையும் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தேன். கொக்குவிலில் வீடு எடுத்தாலும் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகலாம்தானே, அதுமாதிரி எந்த சேர்வரில் இருந்தாலும் மற்ற சேர்வர்க்காரரோடு கதைக்கலாம் என்று விளங்கப்படுத்தினேன். "அப்ப ஏன் கேக்கினம்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கடைசியில் நானே ஒன்றைத் தெரிவு செய்து கொடுத்தேன்.

பிடித்த விசயமும் உண்டு. டுவிட்டரில் 'கி' என்று எழுதினால் இரண்டாகக் கணக்குப் பண்ணும், 280 எழுத்துக்குள் தமிழில் ஒரு நியாயத்தைச் சொல்லி முடிக்க மூச்சு முட்டும். இங்கே 500, அதுவும் 'கி' ஒன்றுதான். எனக்கு இதுவே பெரிய ஆறுதல். நல்லூர்த் தேர்ப் படம் போட்டபோது ஆரோ வெளிநாட்டுக்காரர், பார்வையில்லாதவர்களுக்காகப் படத்துக்கு இரண்டு வரி விளக்கம் எழுதச் சொன்னார். வடத்தையும், குவிந்து கிடந்த சிதறுதேங்காயையும், நனைந்த வேட்டிகளையும் எழுதி முடிக்கப் பத்து நிமிசம் போனது. படத்தை விட அந்த விளக்கம் நன்றாக வந்தது. ஆனால் அதைப் பார்த்த தமிழர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பெரிய அடி இரண்டாம் வருடம் விழுந்தது. நான் இருந்த சேர்வரை ஒரு தனி ஆள் கைக்காசில் நடத்தினார், காசும் பொறுமையும் முடிய, இரண்டு கிழமையில் மூடப்போவதாக அறிவித்தார். மாஸ்டடனின் அதிகாரபூர்வப் பட்டியலில் உள்ள சேர்வர்கள் மூடுவதென்றால் குறைந்தது 3 மாதம் முதலே சொல்ல வேண்டும், நான் எடுத்தது அந்தப் பட்டியலில் இல்லை. வேறு சேர்வருக்கு மாறலாம்தான், பின்தொடர்கிறவர்கள் தானாகவே கூட வருவார்கள், நாம் பின்தொடர்கிறவர்களின் பட்டியலைத் தரவிறக்கிப் புது இடத்தில் ஏற்ற வேண்டும். பதிவுகள் வராது. ஒரு பிரதி எடுத்து வைக்கலாம், ஆனால் அதைப் புதுக் கணக்கில் போட வழியில்லை. என்னுடைய இரண்டு தேர்த்திருவிழாவும் இப்போது கணினியில் ஒரு சிப் (zip) கோப்பாகக் கிடக்கிறது. ஆரும் முதலாளி இல்லாத இடம் என்றுதான் போனேன், கரண்ட் பில் கட்டுகிற ஆள் எப்படியும் ஒருவர் வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

இருந்தும் நான் இன்னும் அங்கேதான். காலையில் மாஸ்டடன், ஊர்ச் செய்தி, செத்தவீடு, சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் பேஸ்புக். அதை விட்டால் ஊரில் ஆர் செத்தது என்றே தெரியாது.

மாஸ்டடன் என்பது யானை மாதிரியான, அழிந்துபோன ஒரு விலங்கின் பெயர். போன கிழமை அண்ணை, "தம்பி, அந்த யானைப் பெயர் உள்ளதுக்குக் கடவுச்சொல் என்ன?" என்று கேட்டார். மறந்தால் மின்னஞ்சலுக்கு வரும் என்றேன். மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் மறந்துவிட்டாராம்.